பேசிக்கொண்டே ஓடுவோம், பார்த்துக்கொண்டே ஓடுவோம்

வந்திருக்கிற எல்லோருக்கும் வணக்கம்.

ஓட்டத்தைப் பற்றிப் பேசுகிறீர்களா, ஓவியத்தைப் பற்றிப் பேசுகிறீர்களா என்று ஏற்பாட்டாளர்கள் கேட்டார்கள். இரண்டையும் சேர்த்தே பேசுகிறேன் என்றேன். நகரத்தில் குடியிருக்கிற ஒருவருக்கு இந்த இரண்டும் ஒரே காரியத்தைத்தான் செய்கின்றன என்று நான் உறுதியாக நம்புகிறேன். யோசித்துப் பாருங்கள், நாம் வருடக்கணக்காக ஒரு நகரத்தில் இருக்கிறோம், ஆனால் அதில் நமக்குத் தெரிந்த தெருக்கள் எத்தனை? வீட்டிலிருந்து வேலைக்கு ஒரு வழி, பிள்ளைகளின் பள்ளிக்கு ஒரு வழி, கடைக்கு ஒரு வழி, அவ்வளவுதான். மீதி நகரம் முழுக்க வண்டியின் கண்ணாடி வழியாகப் பின்னால் போய்க்கொண்டே இருக்கிறது. அந்தத் தெருக்களில் இறங்கிக் கால் வைக்க நமக்கு ஒரு சாக்கு வேண்டியிருக்கிறது. ஓட்டம் நல்ல சாக்கு. அங்கே யாரோ வரைந்து வைத்திருக்கிற ஒரு சுவர் அதைவிட நல்ல சாக்கு.

முதலில் எந்த ஓட்டம் என்று சொல்லிவிடுகிறேன். மாரத்தான் அல்ல. 42.195 கிலோமீட்டரை ஓடி முடிப்பவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு, அவர்கள் மாதக்கணக்கில் படுகிற பாடு சாதாரணமானது கிடையாது. ஆனால் இன்றைக்கு நான் பேசுவது மூன்று கிலோமீட்டர், ஐந்து கிலோமீட்டர் ஃபன் ரன்களைப் பற்றி. பக்கத்து வீட்டு அக்கா, பள்ளிக்கூடப் பையன், ஓய்வுபெற்ற வாத்தியார், குழந்தையைத் தள்ளுவண்டியில் உட்கார வைத்துக்கொண்டு வருகிற அப்பா, எல்லோரும் ஒரே கோட்டுக்குப் பின்னால் நின்று கிளம்புகிற ஓட்டம். விசில் அடித்ததும் சிலர் ஓடுவார்கள், சிலர் நடப்பார்கள், கொஞ்சம் ஓடிக் கொஞ்சம் நடப்பவர்கள்தான் பெரும்பாலும் இருப்பார்கள், அதில் எந்தக் குறையும் இல்லை. 1972 ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடிய அமெரிக்க வீரர் ஜெஃப் கேலவே, எழுபதுகளிலேயே இதை ஒரு முறையாக வகுத்துப் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். ஓடுங்கள், மூச்சு வாங்குவதற்கு முன்பே நடங்கள், மறுபடி ஓடுங்கள் என்று. ஒலிம்பிக் வரை போனவரே நடக்கச் சொல்கிறார் என்றால் நாம் ஏன் கூச்சப்பட வேண்டும்?

வேகம் எவ்வளவு வேண்டும் என்று கேட்பீர்கள். கையில் கட்டுகிற கருவி எதுவும் தேவையில்லை. பக்கத்தில் வருகிறவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா, அதுதான் உங்கள் வேகம். இரண்டு வார்த்தைக்கு ஒருதரம் மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறைக்க வேண்டியதுதான். பயிற்சியாளர்கள் வெகு காலமாகப் பயன்படுத்துகிற சோதனை இது. இன்று நான் சொல்லப்போகிற எல்லாமே இந்த வேகத்தில்தான் நடக்கிறது, ஏனென்றால் பேச முடிகிற வேகத்தில்தான் பார்க்கவும் முடியும்.

இப்படிப்பட்ட ஓட்டம் எப்படிப் பிறக்கிறது என்பதற்கு எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் லண்டனில் இருக்கிறது. 2004 அக்டோபர் 2ஆம் தேதி, புஷி பார்க் என்ற பெரிய பூங்காவில், பால் சின்டன்-ஹெவிட் என்பவர் தன் நண்பர்களைக் கூட்டி ஒரு ஐந்து கிலோமீட்டர் ஓட்டம் வைத்தார். அவருக்கு அப்போது காயம், ஓட முடியாது. ஓட முடியாவிட்டாலும் ஓடுகிற நண்பர்களோடு இருக்க வேண்டும், ஓடி முடித்த பிறகு அவர்களோடு உட்கார்ந்து பேச வேண்டும், அதற்காகத்தான் அவர் அதை ஆரம்பித்தார். ஓட வந்தவர்கள் 13 பேர். ஓடி முடித்தவர்களுக்கு வரிசை எண் கொடுக்க வேண்டுமே, அதற்கு இரும்புக்கடையில் கிடைக்கிற வட்ட வாஷர்களில் எண்ணைப் பொறித்துக் கையில் கொடுத்தார்கள். போல்ட்டுக்கும் நட்டுக்கும் நடுவில் போடுவோமே, அந்த வாஷர்தான். அதுதான் இன்று 20க்கும் மேற்பட்ட நாடுகளில் நடக்கிற பார்க்ரன். பெரும்பாலான இடங்களில் சனிக்கிழமை காலை, ஐந்து கிலோமீட்டர், கட்டணம் கிடையாது, நடத்துகிறவர்கள் எல்லோரும் தன்னார்வலர்கள்.

அதில் என்னை மிகவும் கவர்ந்த ஏற்பாடு ஒன்று உண்டு. ஒவ்வொரு ஓட்டத்திலும் ஒரு தன்னார்வலர் கடைசி ஆளுக்கும் பின்னால் நடந்து வருவார். அவருடைய வேலையே கடைசியாக வருவதுதான். அப்படியென்றால் கலந்துகொள்கிற வேறு யாரும் கடைசியாக வர முடியாது, பாருங்கள்! எவ்வளவு எளிய யோசனை, ஆனால் வரலாமா வேண்டாமா என்று தயங்கி நிற்கிற ஒருவருக்கு இது எவ்வளவு பெரிய தைரியம். 2024இல் அவர்கள் தங்கள் வலைத்தளத்திலிருந்து வேகச் சாதனைப் பட்டியல்களையும் எடுத்துவிட்டார்கள். அதற்கு எதிர்ப்பு வந்தது, வேகமாக ஓடுகிறவர்கள் வருத்தப்பட்டார்கள், அந்த வருத்தம் எனக்குப் புரிகிறது. இருந்தாலும், புதிதாக வருகிற ஒருவர் முதலில் பார்ப்பது சாதனைப் பட்டியலாக இருக்க வேண்டாம் என்ற முடிவின் பக்கம்தான் நான் நிற்பேன்.

வேகமானவர்களையும் மெதுவானவர்களையும் ஒன்றாக வைத்திருப்பதற்கு இதைவிடக் குறும்பான வழி ஒன்றை கோலாலம்பூரில் கண்டுபிடித்தார்கள். 1938இல் அங்கே வேலை பார்த்த சில பிரிட்டிஷ்காரர்கள் ஆரம்பித்த ஹாஷ் ஹவுஸ் ஹாரியர்ஸ் என்ற குழு. ஒருவர் முயலாக முன்னால் ஓடி, காகிதத் துண்டையோ மாவையோ தூவி வழி போட்டுக்கொண்டே போவார். மற்றவர்கள் அந்தத் தடத்தைத் தேடிக்கொண்டு ஓட வேண்டும். நடுநடுவே தடம் நின்றுவிடும், அல்லது பொய்த்தடமாக எங்கேயோ கொண்டுபோய் விடும். முன்னால் பாய்ந்து போனவர்கள்தான் அந்தப் பொய்த்தடத்தில் மாட்டிக்கொண்டு திரும்பி வருவார்கள், அதற்குள் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு வருகிறவர்கள் அந்த இடத்துக்கு வந்து சேர்ந்துவிடுவார்கள், அப்புறம் எல்லோருமாக மறுபடியும் தேடுவார்கள். யாரிடமும் மெதுவாக ஓடுங்கள் என்று சொல்லத் தேவையே இல்லை, பாதையே அந்த வேலையைச் செய்துவிடுகிறது. 1950இல் அந்தக் குழுவைப் பதிவு செய்தபோது எழுதிய நோக்கங்களில் ஒன்று, வயதான உறுப்பினர்களை அவர்கள் நினைக்கிற அளவுக்கு வயதாகவில்லை என்று நம்ப வைப்பது. எந்த ஓட்டக் குழுவின் விதிகளிலும் சேர்க்க வேண்டிய வரி அது என்பேன்.

சான் ஃபிரான்சிஸ்கோவில் ஓடுகிறார்களே, பே டு பிரேக்கர்ஸ், அதையும் சொல்ல வேண்டும். 1906 நிலநடுக்கத்தில் அந்த நகரம் இடிந்து எரிந்தது. மீண்டு எழுந்துகொண்டிருந்த மக்களுக்கு ஒரு உற்சாகம் வேண்டும் என்று 1912இல் நகரத்தின் ஒரு கரையிலிருந்து மறு கரைவரை ஓட்டம் வைத்தார்கள், சுமார் 12 கிலோமீட்டர். இன்றும் நடக்கிறது, வேஷம் போட்டுக்கொண்டு ஓடுகிறார்கள். சால்மன் மீன் மாதிரி உடை போட்ட ஒரு கூட்டம் எல்லோரும் வருகிற திசைக்கு எதிராக ஓடும், ஆற்றில் அந்த மீன் எதிர்நீச்சல் போடுகிறது அல்லவா, அதற்காக. பதிமூன்று பேர் ஒன்றாகப் பிணைத்துக்கொண்டு பூரான் மாதிரி ஓடுவார்கள். அந்த உடைகளைத் தைப்பதும், வண்ணம் அடிப்பதும், தலைக்கு அட்டையில் மீன் செய்வதும் வீட்டுக்கூடத்தில் நடக்கிற வேலைதான். அதைக் கலை என்று சொல்லாமல் வேறு என்னவென்று சொல்வது?

சரி, கலைக்கு வந்துவிட்டோம்.

ஒரு சின்னக் கணக்குப் போடலாம். பத்து மீட்டர் அகலத்தில் ஒரு சுவரோவியம். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் காரில் போனால் அந்தச் சுவரைக் கடக்க ஒரு விநாடிகூட ஆகாது. மெதுவாக ஓடினால், மணிக்கு ஏழு எட்டு கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஐந்து விநாடி. நடந்தால் ஏழு விநாடி. ஐந்து விநாடியில் என்ன பார்த்துவிட முடியும் என்று தோன்றும். 2001இல் வெளியான ஒரு ஆய்வில், நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்துக்கு வந்தவர்கள் ஒரு ஓவியத்தின் முன் எவ்வளவு நேரம் நிற்கிறார்கள் என்று அளந்தார்கள். அங்கிருந்த மிகப் புகழ்பெற்ற ஓவியங்களின் முன்னால்தான் அளந்தார்கள். சராசரி 27 விநாடி. டிக்கெட் வாங்கி, வரிசையில் நின்று, உள்ளே போய், 27 விநாடி! நீங்கள் வாரம் ஒருமுறை அந்தச் சுவரைத் தாண்டி ஓடினால் ஒரு வருடத்தில் 260 விநாடி, நான்கு நிமிடத்துக்கு மேல். அதுவும் ஒரே மூச்சில் பார்த்த நான்கு நிமிடம் கிடையாது. வெயிலில், மேகமூட்டத்தில், மழைக்கு அடுத்த நாள் சுவர் ஈரமாக இருக்கும்போது, முன்னால் யாரோ வண்டியை நிறுத்திக் கால்வாசியை மறைத்திருக்கும்போது என்று பார்த்த நான்கு நிமிடம். அருங்காட்சியகத்தில் இருக்கிற படத்துக்கு இந்த வாழ்க்கை கிடையாது, அங்கே விளக்கும் ஈரப்பதமும் எப்போதும் ஒரே மாதிரி இருக்கும்படி காப்பாற்றி வைத்திருப்பார்கள், அது அந்தப் படத்துக்கு அவசியம். தெருச்சுவர் நம்மோடு சேர்ந்து வெயிலில் நிற்கிறது.

அப்படி நிற்கிற சுவரைக் கவனித்துப் பாருங்கள். சில சுவர்களில் சிவப்பும் மஞ்சளும் முதலில் வெளுக்கும், நீலம் மட்டும் அப்படியே கிடக்கும். அந்தச் சிவப்பு மஞ்சள் நிறமிகளில் பல வகை, சூரிய ஒளியில் உள்ள புற ஊதாக் கதிரைத் தாங்காது; நீலத்துக்குப் பெரும்பாலும் போடுகிற நிறமி அதைவிட நன்றாகத் தாங்கும். ஆகவே தெற்கு மேற்கு வெயில் முழுக்க வாங்குகிற சுவர் ஒரு மாதிரியும், நிழலில் இருக்கிற சுவர் இன்னொரு மாதிரியும் வயதாகும். இது ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகிறவருக்குத் தெரியாது. வாராவாரம் அந்த வழியே ஓடுகிற உங்களுக்குத்தான் தெரியும்.

வரைந்துகொண்டிருக்கும்போது பார்க்கக் கிடைத்தால் விடாதீர்கள், தயவுசெய்து நின்றுவிடுங்கள். வெள்ளை அடித்த பெரிய சுவரில் முதல் நாள் என்ன செய்வார்கள் தெரியுமா? கிறுக்குவார்கள். எட்டு, நட்சத்திரம், கண், எழுத்து, வளைகோடு என்று சுவர் முழுக்க ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத கிறுக்கல். போகிறவர்கள் யாரோ சுவரைக் கெடுத்துவிட்டார்கள் என்று நினைப்பார்கள். உண்மையில் அந்தக் கிறுக்கல்தான் அளவுகோல். கிறுக்கிய சுவரைப் படம் எடுத்து, தங்கள் ஓவியத்தை போன் திரையில் அதன்மேல் ஏற்றிப் பார்ப்பார்கள். மூக்கின் நுனி இந்த நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் வருகிறது, காது அந்த எட்டுக்கு மேலே வருகிறது என்று பார்த்துப் பார்த்துச் சுவரில் கோடு இழுப்பார்கள். மூன்று மாடி உயர முகத்தை, முகம் முழுசாகக் கண்ணில் படவே படாத தூரத்தில் நின்றுகொண்டு ஒருவர் சரியாக வரைந்துவிடுகிறாரே, அது இப்படித்தான். அந்தக் கிறுக்கல் இரண்டு மூன்று நாளில் வண்ணத்துக்கு அடியில் போய்விடும். அந்தச் சில நாட்களுக்குள் அந்தப் பக்கம் ஓடியவர்கள் மட்டும் அதைப் பார்த்தவர்கள்.

அமெரிக்காவில் பிலடெல்பியா நகரம் இதில் வெகுதூரம் போயிருக்கிறது. 1984இல் அங்கே சுவரில் கிறுக்குகிறவர்களைத் தடுப்பதற்காக நகர நிர்வாகம் ஒரு திட்டம் ஆரம்பித்தது. அதில் வேலைக்கு வந்த ஜேன் கோல்டன் என்ற ஓவியர், கிறுக்குகிற இளைஞர்களிடம் பேசினார், அவர்களில் பலர் நன்றாக வரைகிறவர்கள் என்று கண்டுகொண்டு அவர்கள் கையிலேயே தூரிகையைக் கொடுத்தார். அதிலிருந்து வளர்ந்த சுவரோவியத் திட்டம் இன்றுவரை 4,000க்கும் மேற்பட்ட ஓவியங்களை நகரத்தில் உருவாக்கியிருக்கிறது. அதில் பலவற்றைச் சுவரில் நேரடியாக வரைவதில்லை. மெல்லிய துணி போன்ற ஒரு பரப்பில் துண்டு துண்டாக வரைகிறார்கள். ஓவியர் கோடுகளை வரைந்து ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு எண் போட்டுவிடுவார், எண்ணுக்கு ஏற்ற வண்ணத்தை யார் வேண்டுமானாலும் நிரப்பலாம். பள்ளிக்கூடத்தில், சமூகக் கூடத்தில், சிறையில்கூட அந்தத் துணிகள் போகும். அப்புறம் எல்லாத் துண்டுகளையும் கொண்டுவந்து சுவரில் ஒட்டி ஒரே படமாக்கிவிடுவார்கள். ஏணி ஏற முடியாத பாட்டியும், சக்கர நாற்காலியில் இருப்பவரும், ஆறு வயதுக் குழந்தையும் நாலாவது மாடி உயரத்தில் இருக்கிற ஒரு இலைக்கு வண்ணம் அடித்திருக்க முடியும். கடைசி ஆளுக்குப் பின்னால் ஒருவர் நடந்து வருவதற்கும் இதற்கும் எனக்கு வித்தியாசமே தெரியவில்லை. திறமை உள்ளவர்கள் மட்டும் வாருங்கள் என்று சொல்லாமல், வருகிற எல்லோருக்கும் இடம் இருக்கும்படி வேலையை வடிவமைத்திருக்கிறார்கள்.

ஓட்டமும் கலையும் நேருக்கு நேர் சந்தித்த ஒரு இடமும் உண்டு. 2008இல் லண்டனின் டேட் பிரிட்டன் கலைக்கூடத்தில் மார்ட்டின் கிரீட் என்ற கலைஞர் ஒரு படைப்பு வைத்தார். 86 மீட்டர் நீளமான கூடம், சுவரிலும் தரையிலும் ஒன்றும் கிடையாது, 30 விநாடிக்கு ஒருமுறை ஒருவர் அந்தக் கூடத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு முழு வேகத்தில் ஓடுவார். அவ்வளவுதான் படைப்பு. மாதக்கணக்கில், நாள் முழுக்க, மாறி மாறி ஆட்கள் ஓடினார்கள். இது என்ன கலை என்று கோபப்பட்டவர்கள் உண்டு. எனக்கு அது பிடித்திருக்கிறது. ஒரு உடல் தன்னால் முடிந்த அளவு வேகமாகப் போவதை நின்று பார்ப்பதும், அடுத்த ஆள் வருகிறவரை அந்தக் கூடம் வெறுமையாக இருப்பதும், இரண்டுமே பார்க்கத் தகுந்தவைதான். இன்னொன்று, கலைக்கூடத்தில் ஓடக்கூடாது என்று நம் எல்லோருக்கும் சின்ன வயதிலிருந்து சொல்லி வைத்திருக்கிறார்கள், அதை அந்தக் கூடமே ஏற்பாடு செய்து மீறியது.

ஆனால் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் 2005 பிப்ரவரியில் நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கில் நடந்ததைத்தான் எடுப்பேன். கிறிஸ்டோ, ஷான்-கிளாட் என்ற தம்பதி அந்தப் பூங்காவின் நடைபாதைகள் மேல் காவி நிறத் துணி தொங்குகிற 7,503 வாயில்களை நிறுத்தினார்கள். மொத்தம் 37 கிலோமீட்டர் பாதை. பனிக்காலம், மரங்களில் இலை இல்லை, சாம்பல் நிறப் பூங்கா முழுக்கக் காவித்துணி காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. டிக்கெட் கிடையாது, விளம்பரதாரர் கிடையாது, செலவு முழுக்க அந்தக் கலைஞர்களுடையது. பதினாறு நாளில் எல்லாவற்றையும் கழற்றிவிட்டார்கள். அதை உட்கார்ந்த இடத்திலிருந்து முழுசாகப் பார்க்க முடியாது, கால் நகர்ந்தால்தான் அடுத்த வாயில் வரும், அதற்கடுத்தது வரும். நடக்கிறவர்களுக்கும் ஓடுகிறவர்களுக்கும் என்றே செய்த கலை அது. அந்த யோசனையை அவர்கள் முதலில் முன்வைத்தது 1979இல். நகரம் மறுத்தது. விடாமல் கேட்டுக்கொண்டே இருந்து, 2003இல்தான் அனுமதி வாங்கினார்கள். பதினாறு நாளுக்காக இருபது வருடத்துக்கு மேல் அலைந்தவர்களை நினைத்துக்கொண்டால், நம் தெருச்சுவர் ஒன்றுக்கு அனுமதி கேட்க இரண்டு தடவை அலைவது பெரிய விஷயமாகத் தெரியாது.

எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போக மாட்டேன். சண்டைகளும் உண்டு, அவற்றையும் பேசத்தான் வேண்டும்.

முதல் சண்டை பணம். 2016இல் இங்கிலாந்தில் பிரிஸ்டலுக்குப் பக்கத்தில் ஒரு ஊராட்சி மன்றம், தன் பூங்காவில் நடக்கிற பார்க்ரன்னுக்குக் கட்டணம் கேட்டது. இத்தனை பேர் ஓடினால் பாதை தேய்கிறது, அதைச் சரிசெய்ய யார் பணம் கொடுப்பது என்பது அவர்களுடைய கேள்வி. கட்டணம் வாங்கினால் அது நாங்கள் நடத்துகிற ஓட்டமாக இருக்காது என்று பார்க்ரன் மறுத்தது, அந்தப் பூங்காவில் ஓட்டம் நின்றுபோனது. பாதை தேய்கிறது என்பதை நான் தள்ளிவிட மாட்டேன். ஆனால் பூங்கா என்பது மக்கள் வந்து புழங்குவதற்காகத்தான் இருக்கிறது, வருகிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள் என்பது ஒரு பூங்காவுக்கு வரக்கூடிய மிக நல்ல பிரச்சினை. இதை மறுபக்கத்திலிருந்து பார்த்த நகரம் பொகோட்டா. கொலம்பியாவின் அந்தத் தலைநகரத்தில் 1974இல் தொடங்கிய ஒரு பழக்கம், ஞாயிற்றுக்கிழமைகளிலும் விடுமுறை நாட்களிலும் காலை ஏழு மணியிலிருந்து மதியம் இரண்டு மணிவரை பெரிய சாலைகளில் வண்டிப் போக்குவரத்தை நிறுத்திவிட்டு நடப்பவர்களுக்கும் ஓடுபவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் விட்டுவிடுவார்கள். இன்று அது 120 கிலோமீட்டருக்கும் மேல். புதிதாக எதையும் கட்டவில்லை, இருக்கிற சாலையைத்தான் சில மணி நேரம் ஆட்களுக்குத் திருப்பிக் கொடுத்தார்கள்.

இரண்டாவது சண்டை கலையைப் பற்றியது, அதுதான் எனக்கு இன்னும் மனதைப் பிசைகிறது. 1981இல் நியூயார்க்கில் ஒரு அரசு அலுவலக வளாகத்தின் நடுவே ரிச்சர்ட் செர்ரா என்ற பெரிய சிற்பி ஒரு இரும்புச் சுவரை நிறுத்தினார். 36 மீட்டருக்கு மேல் நீளம், இரண்டு ஆள் உயரம், துருப்பிடித்த நிறம், லேசாகச் சாய்ந்து வளைந்து நின்றது. அங்கே தினமும் வேலைக்கு வருகிறவர்கள் அதைச் சுற்றிக்கொண்டு நடக்க வேண்டியிருந்தது, பலருக்கு அது பிடிக்கவில்லை. 1985இல் பொது விசாரணை வைத்தார்கள். பேசியவர்களில் 122 பேர் இருக்கட்டும் என்றார்கள், 58 பேர் எடுக்க வேண்டும் என்றார்கள். இருந்தும் எடுக்க முடிவானது. செர்ரா வழக்குப் போட்டார், தோற்றார், 1989இல் அதை வெட்டித் துண்டாக்கி எடுத்துப் போய்விட்டார்கள். அந்த இடத்துக்கென்றே செய்ததை அங்கிருந்து எடுத்தால் அது அழிந்ததாகத்தான் அர்த்தம் என்று அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. தினமும் அந்த வழியே நடக்கிறவர்களின் எரிச்சலிலும் நியாயம் இருக்கிறது. என் கருத்து, அந்த விசாரணை 1981க்கு முன்னால் நடந்திருக்க வேண்டும். ஒரு தெருவில் கலை வருவதற்கு முன் அந்தத் தெருவில் நடப்பவர்களோடு உட்கார்ந்து பேசிவிட்டால் பாதிச் சண்டை வராது. அதற்காக எல்லோருக்கும் பிடித்ததை மட்டும்தான் வைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை, அப்படிச் செய்தால் நகரம் முழுக்கப் பூங்கொத்தும் பட்டாம்பூச்சியும்தான் மிஞ்சும்.

ஓடும்போது கலையைப் பார்க்கிறவர்களுக்குச் சில நடைமுறை விஷயங்கள், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். படம் எடுக்க நிற்கிறீர்கள் என்றால் கையைத் தூக்கிக் காட்டிவிட்டு ஓரமாகப் போய் நில்லுங்கள், நடுவில் சட்டென்று நின்றால் பின்னால் வருகிறவர் உங்கள் மேல்தான் மோதுவார். நான்கு பேர் கைகோத்த மாதிரி பாதையை அடைத்துக்கொண்டு ஓடாதீர்கள். காதில் பாட்டு ஓடினால் ஒரு காதையாவது திறந்து வையுங்கள். படத்தைப் போடும்போது ஓவியரின் பெயரையும் சேர்த்துப் போடுங்கள். பெரும்பாலும் சுவரின் கீழ் மூலையில் இருக்கும், குனிந்து பார்க்க வேண்டும், குனிவதும் நல்ல பயிற்சிதான்.

வரைகிறவரைப் பார்த்தால் பேசுங்கள். எத்தனை நாள் ஆகும் என்ற கேள்வியை அவர் காலையிலிருந்து எல்லோரிடமிருந்தும் கேட்டிருப்பார். எங்கிருந்து ஆரம்பித்தீர்கள், எது சரியாக வரவில்லை, இந்தச் சுவரில் என்ன கஷ்டம் என்று கேட்டுப் பாருங்கள், பேச்சு வேறு மாதிரிப் போகும். உங்கள் வட்டாரத்தில் சின்னக் கலைக்கூடம் இருந்தால், கலைக்கல்லூரி மாணவர்களின் வருடாந்திரக் கண்காட்சி இருந்தால், ஓடி முடித்த கையோடு போங்கள். வியர்வையோடு எப்படி உள்ளே போவது என்று தயங்காதீர்கள், காலியான கண்காட்சியில் காத்துக்கொண்டிருக்கிற ஒரு மாணவருக்கு உங்கள் சட்டை நனைந்திருப்பது ஒரு பொருட்டே இல்லை. பிடித்திருந்தால், முடிந்தால், சின்னதாக ஏதாவது ஒன்று வாங்குங்கள். இலவசமாக வரைந்து கொடுங்கள் என்று மட்டும் கேட்காதீர்கள், அவருக்கும் வாடகை இருக்கிறது.

ஓட்டம் நடத்துகிற நண்பர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். பாதையைப் போடும்போது தூரத்தையும் போக்குவரத்தையும் பார்ப்பதோடு, வழியில் என்ன இருக்கிறது என்பதையும் பாருங்கள். எல்லோருக்கும் ஒரே அச்சில் வார்த்த பதக்கம் கொடுக்கிறீர்கள், அது அலமாரியில் தூங்குகிறது. அந்தப் பணத்தை உள்ளூரில் மண்ணில் வேலை செய்கிற ஒருவரிடம், அல்லது அச்சுக்கட்டையில் படம் போடுகிற ஒருவரிடம் கொடுத்து ஏதாவது செய்து வாங்கலாமே. ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் வைக்கிற பலகையை ஒரு பள்ளியின் பிள்ளைகளிடம் வரையக் கொடுங்கள், பெற்றோர் எல்லோரும் அதைப் பார்க்கவாவது ஓட வந்துவிடுவார்கள்.

நான் மேடை ஏறுவதற்கு முன் ஒரு அம்மா என்னிடம் கேட்டார்கள், எங்கள் பகுதியில் அப்படி ஒரு சுவரோவியமும் இல்லையே, நாங்கள் எதைப் பார்த்து ஓடுவது என்று. நல்ல கேள்வி. கையால் எழுதிய பெயர்ப்பலகை ஒன்றாவது இருக்கும், பழைய வீட்டு இரும்புக் கம்பிக் கதவில் யாரோ வளைத்து வைத்த பூ இருக்கும், மாடியில் பாட்டோ நடனமோ பழகுகிற சத்தம் கேட்கும், அவற்றிலிருந்து ஆரம்பிக்கலாம். அதுவும் இல்லை என்றால் வெற்றுச் சுவர்களைக் குறித்துக்கொண்டு வாருங்கள். எவ்வளவு அகலம், காலால் அளந்தால் போதும். காலை வெயில் படுகிறதா, மாலை வெயிலா. பூச்சு உதிர்கிறதா, அடியில் ஈரம் ஏறியிருக்கிறதா. முன்னால் வண்டி நிறுத்துகிறார்களா. சுவர் யாருடையது, அவரிடம் யார் பேசினால் கேட்பார். ஒரு ஓவியர் ஒரு பகுதிக்கு வந்தால் முதலில் தேடி அலைவது இந்த விவரங்களைத்தான். உங்கள் ஓட்டக் குழுவில் பத்துப் பேர் இருந்தால் ஒரு மாதத்தில் உங்கள் பகுதி முழுக்க இதை எழுதி முடித்துவிடலாம். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு பக்கத்தில் இருக்கிற கலைக்கல்லூரிக்குப் போங்கள், சுவர்க்காரரையும் கூடவே அழைத்துக்கொண்டு போங்கள்.